தரையோடு சேராத பலகைகள்

அந்தப் பலகைகளை எல்லாம் அழித்துவிடு என்று கணேசமூர்த்தி சொன்னதும் தங்கபுஷ்பம் மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். கை அதன்மேல் இருந்தால் பழக்கத்தில் சொன்னதைச் செய்துவிடும்.

மேலகரத்தில் பெயிண்ட் கடை ஒன்றின் மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். கட்டப்போகிற வீட்டையும் மண்டபத்தையும் முதலில் கம்ப்யூட்டருக்குள் கட்டிக் காட்டுகிற தொழில். துபாயில் இருந்துகொண்டு தென்காசியில் வீடு கட்டுகிறவர்கள் போனிலேயே அந்த வீட்டைச் சுற்றிச்சுற்றிப் பார்த்துவிட்டு, மாடிப்படியை அந்தப் பக்கம் தள்ளு, அடுப்படியை இந்தப் பக்கம் இழு என்பார்கள். தள்ளியும் இழுத்தும் கொடுப்பது புஷ்பமும் கூட வேலை பார்க்கிற சஃப்ரினும். செங்கல் தூக்காமல் வீடு கட்டுகிற வேலை என்று புஷ்பத்தின் அப்பா நல்லதம்பி சொல்லுவார். செங்கல் தூக்குகிறவர் அவர்.

இந்தத் தடவை வந்தது வீடு இல்லை. குற்றாலத்து அருவிக்கரையைத் திருத்தி, புதிதாகக் கடை வளாகம் கட்டுகிற திட்டம். எடுத்திருந்தது ஒரு வெளியூர்க் கம்பெனி. இப்போது அருவிக்கரை எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு மாடல் வேண்டும், அங்கே தொழில் செய்கிற ஒவ்வொருவரும் அதில் தனித்தனிப் பொருளாக இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு கடைமேல் கிளிக் செய்தால் அந்தக் கடையைச் சுற்றி மட்டும் ஆரஞ்சுக் கோடு விழும். மேலே கடைக்காரர் பேர் வரும். மக்கள் கூட்டத்தில் இதைத் திரையில் போட்டுக் காட்டி, ஆட்சேபணை இருந்தால் கேட்டு, அங்கேயே முடித்துவிடுவார்கள். மாடலில் பேரோடு தனியாக நிற்கிறவருக்குப் புது வளாகத்தில் இடம். நிற்காதவர் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான்.

சிக்கல் என்னவென்றால் மாடல் கனத்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எந்தப் பொருளும் முக்கோணங்களால் ஆனது. ஒரு பலகைக்குப் பன்னிரண்டு முக்கோணம் போதும். ஒரு மயிலுக்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். முக்கோணம் கூடினால் ஃபைல் கனக்கும், பொருள்களின் எண்ணிக்கை கூடினாலும் கனக்கும். கடைசியில் இது சாதாரண போனிலும் ஓட வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தது. கனத்தைக் குறைக்க இரண்டு வழி. ஒரு பொருளின் முக்கோணங்களைக் குறைத்து அதை எளிமையாக்கலாம், அதற்கு டெசிமேட் என்று பேர். பல பொருளைச் சேர்த்து ஒரே பொருளாக்கலாம், அதற்கு ஜாயின். வண்டியில் பாரம் அதிகமாகிவிட்டால் எதையாவது இறக்கத்தானே வேண்டும். எதை இறக்குவது என்பதில்தான் சண்டை.

கணேசமூர்த்தி பலகைகளை இறக்கச் சொன்னார். அருவிக்குப் போகிற வழியில் ஆட்களை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்களின் பலகைகள் அவை. சின்னச் சின்னதாக ஓரமாய்க் கிடந்தன. அதில் ஒன்று நல்லதம்பியுடையது. அது கணேசமூர்த்திக்கும் தெரியும்.

"கம்பெனி குடுத்த படத்துல பலகையே இல்லியேம்மா. இல்லாதத நீ எப்படிப் போடலாம்?" என்று கேட்டார்.

படத்தில் இல்லைதான். கம்பெனிக்காரர்கள் டிரோனைக் கொண்டுவந்து படம் பிடித்தது பங்குனி மாதம். பாறை காய்ந்து கிடந்தது. குரங்குகூடக் கீழே இறங்கி வரவில்லை. சீசன் இல்லாத குற்றாலத்துக்கு வெளியூர்க்காரன்தான் வருவான். கடைகளுக்கு ஷட்டரும் போர்டும் உண்டு, பூட்டிக் கிடந்தாலும் படத்தில் விழுந்துவிடும். எண்ணெய் தேய்க்கிறவன் சீசன் முடிந்தால் பலகையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். அவனுக்கு இருப்பது பலகை போட ஒரு கல், அதுவும் ஊர் வழக்கத்தில்தான். இந்தக் கல் இன்னாருடையது என்று அவர்களுக்குள் தெரியும். வேறு எங்கேயும் பதிவு கிடையாது.

புஷ்பம் நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

"படத்துல அருவியும்தான் இல்ல சார். அத மட்டும் எதுக்குக் கொட்ட விட்டிருக்கோம்?"

பக்கத்து மேசையில் சஃப்ரினுக்குச் சிரிப்பு வந்து, அதை மறைக்கத் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் குடித்தாள். கணேசமூர்த்தி திரையைப் பார்த்தார். மாடலில் அருவி பாறையை மறைத்துக்கொண்டு கொட்டிக்கொண்டிருந்தது. சஃப்ரின் ஒரு வாரம் உட்கார்ந்து செய்த தண்ணீர் அது.

அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலை போய்விடுமோ என்ற பயம் அவருக்கு. இவ்வளவு பெரிய வேலை அந்த மாடிக்கு அதுவரை ஏறி வந்ததில்லை. அருவி இல்லாமல் குற்றாலம் ஏது, பலகை அப்படியா என்று ஏதோ முனகிவிட்டு வெளியே போனார். டீ குடித்துவிட்டு வரும்போது ஒரு வழியோடு வந்தார்.

பலகைகளை அழிக்க வேண்டாம். தரையோடு ஜாயின் செய்துவிடலாம். பார்க்கிறவர்களுக்குப் பலகை கண்ணுக்குத் தெரியும். உங்கப்பாவுக்கும் திருப்தி. பொருள் எண்ணிக்கையும் குறைந்துவிடும். எல்லாருக்கும் நல்லதுதானே என்று, சமரசம் பேசுகிற பெரியவர்போல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

புஷ்பத்துக்கு அது முதலில் நல்ல யோசனையாகத்தான் பட்டது. கண்ணுக்குத் தெரிகிறது, பிறகென்ன? மவுஸைப் பிடித்து முதல் பலகையைத் தேர்ந்தெடுத்தும்விட்டாள். அப்புறம்தான் உறைத்தது. ஜாயின் செய்தால் இரண்டு பொருளுக்கும் சேர்த்து ஒரே பேர். அது தரையின் பேர். பலகைமேல் கிளிக் செய்தாலும் தரை என்றுதான் வரும். கூட்டத்தில் இடம் கொடுக்கும்போது தரைக்கு யாரும் இடம் கொடுக்கப் போவதில்லை.

"முடியாது சார்" என்றாள்.

கணேசமூர்த்திக்குக் கோபம் வந்தது. முடியாது என்ற சொல்லை அந்த ஆபீசில் அவர் மட்டுந்தான் சொல்லுவார், அதுவும் கஸ்டமர் போனை வைத்தபிறகு. மாடல் கனம் குறைந்து நாளைக்குள் போயாக வேண்டும், எப்படிக் குறைப்பாயோ உன்பாடு என்று சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்குக் குத்துக்கல்வலசை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது நல்லதம்பியிடம் இதைச் சொன்னாள். அவர் செங்கல் சூளையிலிருந்து வந்து முதுகைச் சுவரில் சாய்க்க முடியாமல் முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சூளையில் சுமக்கிற சுடாத பச்சைக்கல் அவரது முதுகெலும்பில் ஒரு இடத்தைப் பிடித்துவிட்டது. சீசன் வந்தால் அந்த முதுகுக்கு ஓய்வு. கைக்குத்தான் வேலை. வருகிறவனின் தோளையும் பிடரியையும் பிசைந்துகொண்டே, இத்தனை நாள் கல்லுக்கு முதுகு குடுத்தேன், இப்ப மத்தவன் முதுகு எங்கிட்ட வருது என்பார். அருவிக்கரையில் இருக்கிற அந்தக் கல் போய்விட்டால் வருஷம் முழுக்கச் சூளைதான். முழு வருஷச் சூளையை அந்த முதுகு தாங்காது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, அவர் எழுந்திருக்கும்போது சுவரைப் பிடிக்கிறதைப் பார்த்தாலே போதும்.

அவர் கேட்டுவிட்டு, விட்டுரு என்றார். ஒரு பலகைக்காகக் கம்ப்யூட்டர் வேலையை விடுவதா, ஏசியில உக்காந்து பாக்குத வேலை ஒனக்கு வேண்டாமா, நாங்க பத்துப் பேரு போய் அதிகாரிட்ட நின்னு அழுதா ஏதாவது குடுப்பாங்க என்றார்.

"அழுதா குடுக்கதுக்கு நீங்க அங்கன இருக்கணும்லா. தரையோட சேத்துட்டா நீங்க தரை."

நல்லதம்பி சோற்றைப் பிசைந்தார். பிறகு, "தரைன்னா மிதிப்பான்" என்று மட்டும் சொன்னார். மேற்கொண்டு விட்டுரு என்று சொல்லவில்லை.

ஆரம்பத்தில் அந்தப் பலகைகளை மாடலுக்குள் கொண்டுவர அவள் பட்டபாடு சும்மா இல்லை. படத்தில் எண்ணெய்க்காரர்கள் யாரும் இல்லை என்று தெரிந்த உடனேயே அப்பாவைக் கூட்டிக்கொண்டு டேப்போடு அருவிக்கரைக்குப் போனாள். அவர் நேராகத் தன் கல்லில் போய் நின்றார். மற்றவர்கள் கல் எதெது என்று கேட்டபோது வாய் திறக்கவில்லை. அடுத்தவன் கல்லை நோக்கிக் கை நீட்டினால் அதன்மேல் கண் வைத்ததாக அர்த்தம், அது அவர்களுக்குள் பெரிய தப்பு. ஒருத்தன் செத்துப் போனால்கூட அந்த சீசன் அவன் கல்லில் யாரும் பலகை போடமாட்டார்கள். அவனவன் இடத்தை அவனவன்தான் வந்து காட்டணும் என்று அப்பா சொல்லிவிட்டார். அதனால் சீசன் இல்லாத நாட்களில் எங்கெங்கோ கிடந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். சிவகிரிப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தவர் ஒருவர், புளியரைச் செக்போஸ்டில் லோடு இறக்குகிறவர் ஒருவர் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, காய்ந்த பாறைக்கு முன்னால் தன் தன் கல்லில் ஏறி நின்று, இது என் இடம் என்றார்கள். வெயிலில் நின்று அளந்துகொண்டாள். ஒவ்வொரு பலகைக்கும் அந்தந்த ஆளின் பேரையே வைத்தாள்.

அடுத்தநாள் காலையில் ஆபீசுக்குப் போனதும் மாடலில் எது கனம் என்று பார்த்தாள். சஃப்ரினும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள்.  பாறையைவிட, அருவியைவிட, எல்லாக் கடைகளையும் சேர்த்ததைவிடக் கனமாக இருந்தது நுழைவாசலில் கம்பெனி வைக்கச் சொல்லியிருந்த அலங்கார வளைவு. அது இன்னும் கட்டவே இல்லை. திட்டம் முடிந்தால் கட்டுவார்களாம். எங்கிருந்தோ ரெடிமேடாக வாங்கி அனுப்பியிருந்தார்கள். இரண்டு பக்கமும் தாமரைத் தூண், உச்சியில் தோகை விரித்த மயில். தாமரையின் ஒவ்வொரு இதழும் தனிப் பொருள். மயிலின் ஒவ்வொரு இறகும் தனிப் பொருள்.

"யக்கா, மயிலுக்கு எறகு எறகா எண்ணி வச்சிருக்கான். ஒங்கப்பாவுக்குப் பன்னெண்டு முக்கோணம் குடுக்க மட்டும் கணக்குப் பாக்கானுவ" என்றாள் சஃப்ரின்.

புஷ்பம் வளைவு முழுவதையும் தேர்ந்தெடுத்தாள். தூண், தாமரை, மயில் எல்லாவற்றையும் ஜாயின் செய்து ஒரே பொருளாக்கினாள். பிறகு டெசிமேட். முக்கோணங்கள் பாதியாகின, அப்புறம் அதில் பாதி, மறுபடியும் பாதி. தாமரை முட்டைக்கோசாயிற்று. மயிலின் தோகை விசிறிபோலத் தட்டையாயிற்று. கழுத்து தடித்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி பழைய மயிலின் படத்தை அதன்மேல் ஒட்டிவிட்டாள். கிட்டே போனால் கோழி. மாடல் காற்றுப்போல லேசாகிவிட்டது. சஃப்ரின் தன் போனில் போட்டுச் சுற்றிப் பார்த்தாள். அருவி சிக்காமல் கொட்டியது. எண்ணெய்க்காரர் பலகைகள் ஒவ்வொன்றும் பேர் சொல்லின.

அனுப்பிவிட்டாள். கணேசமூர்த்தி கனத்தை மட்டும் பார்த்தார், குறைந்திருந்தது, பரவாயில்லையே என்றார்.

கம்பெனியில் இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஸ்ரீவித்யா. மறுநாளே போனில் வந்தார். கணேசமூர்த்தி ஸ்பீக்கரில் போட்டார், அது அவர் செய்த தப்பு. நுழைவாசலில் கோழி உட்கார்ந்திருக்கிறது, குற்றாலத்துக்கு வருகிறவனைக் கோழியா வரவேற்கும், மேலே இருக்கிறவர்கள் முதலில் பார்ப்பதே வளைவைத்தான் என்று அந்தம்மாள் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி பேசினார். கணேசமூர்த்தி சரிங்க மேடம், மாத்திருதோம் மேடம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.  அதிலிருந்து அந்த ஃபைலை அவரே தன் சிஸ்டத்தில் வைத்துக்கொண்டார். கேட்டபோது, எல்லாம் முடிஞ்சுது, ஒங்கப்பா ஆளுக எல்லாம் அங்கனதான் இருக்காங்க, கூட்டத்துக்கு வந்து திரைய ஓட்டு என்றார்.

ஓட்டுவதற்கு அவரை விட்டால் புஷ்பம்தான். அவருக்குக் கூட்டத்தின் முன்னால் நிற்கக் கூச்சம்.

கூட்டம் மேலகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் முகூர்த்தத்தின் வாழைமரம் இன்னும் வாசலில் கட்டியிருந்தது. மணமக்கள் உட்காருகிற மேடையில் திரையைத் தொங்கவிட்டு, கீழே மேசையில் லேப்டாப்பும் புரொஜக்டரும். ஆட்சேபணை கேட்பதற்கு ஒரு பெண் அதிகாரி வந்து மேடையோரம் உட்கார்ந்திருந்தார், நடுத்தர வயது, காலையிலேயே களைத்த முகம். அவருக்குப் பக்கத்தில் ஸ்ரீவித்யா. கடைக்காரர்கள் முன்வரிசைகளில். எண்ணெய் தேய்க்கிறவர்கள், யாரும் சொல்லாமலே, கடைசி வரிசையில்.

ஸ்ரீவித்யா முதலில் வளைவைக் காட்டச் சொன்னார். மயில் தோகை விரித்து நின்றது, இறகு இறகாக. கைதட்டினார்கள். புஷ்பம் கைதட்டவில்லை. மயில் திரும்பி வந்திருக்கிறதென்றால், அதன் கனத்துக்கு ஈடாக எதை இறக்கினார்கள்?

கடைகள் ஒவ்வொன்றாக வந்தன. நேந்திரஞ்சிப்ஸ் கடை அப்துல் மஜீது எழுந்து தன் கடையைக் காட்டச் சொன்னார். கிளிக் செய்தாள். ஆரஞ்சுக் கோடு கடையைச் சுற்றி விழுந்தது, மேலே அவர் பேர் வந்தது. மஜீது பாய் தன் பேரைத் தானே ஒருதரம் உரக்க வாசித்துவிட்டு உட்கார்ந்தார். துண்டுக் கடை, பழக் கடை, சோப்பு சாம்பு பாக்கெட் விற்கிற கடை எல்லாம் வந்தது. முடிந்தது என்று ஸ்ரீவித்யா மைக்கைக் கையில் எடுத்தபோது கடைசி வரிசையில் நல்லதம்பி எழுந்தார்.

எங்களக் காட்டலியே என்று கேட்டார். ஸ்ரீவித்யா சிரித்த முகத்தோடு, நீங்களும் இருக்கீங்களே ஐயா, திரையில பாருங்க, பலகை எல்லாம் வரிசையாத் தெரியுதே என்றார். தெரிந்தது. கடைசி வரிசையில் தலைகளை ஆட்டிக்கொண்டார்கள்.

"தெரியுது தாயி. எம் பலகையத் தொட்டு எம் பேரக் காட்டச் சொல்லுங்க" என்றார் நல்லதம்பி.

கணேசமூர்த்தி மேசைப் பக்கம் குனிந்து, வேண்டாம் புஷ்பம், அடுத்ததுக்குப் போ என்றார். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது. அப்பாவின் பலகைமேல் கிளிக் செய்தாள்.

ஆரஞ்சுக் கோடு பலகையைச் சுற்றி விழவில்லை. குளிக்கிற இடத்துப் படியிலிருந்து கார் நிறுத்துகிற இடம் வரைக்கும் அருவிக்கரையின் முழுத் தரையும் ஒரே பொருளாக ஒளிர்ந்தது. மேலே பேர் வந்தது. தரை.

 கடைசி வரிசையில் ஒருத்தர், புளியரையில் லோடு இறக்குகிறவர், "ஏலே, நம்மள வச்சித் தளம் போட்டுட்டானுவடே" என்றார். முன்வரிசைக் கடைக்காரர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். நல்லதம்பி சிரிக்கவில்லை. அவர் மகளைப் பார்த்தார். 

ஸ்ரீவித்யா இது டெக்னிக்கல் விஷயம் என்று ஆரம்பித்தார். ஃபைல் லேசாக இருக்க வேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்னப் பொருளைச் சேர்த்திருக்கிறோம், எளிமையாக்கியிருக்கிறோம், யாரையும் விடவில்லை என்றார்.

புஷ்பம் எழுந்துவிட்டாள்.

"மயிலுக்கு ஒவ்வொரு எறகும் தனியா இருக்கு. அதுல ஒரு எறகக் குறைச்சா இத்தன பேரும் தனித்தனியா நிக்கலாம். நான் குறைச்சிக் குடுத்தேன். நீங்க மயிலத் திருப்பி வச்சிட்டு மனுசனச் சேத்துட்டீங்க."

உட்காரு என்றார் கணேசமூர்த்தி. உட்கார்ந்தாள், லேப்டாப் முன்னால்தான். ஒன்றோடு ஒன்று ஜாயின் செய்தாலும் பொருள்கள் உள்ளுக்குள் ஒட்டிக்கொள்வதில்லை. பல பேர் சாமானை ஒரே சாக்கில் போட்டுக் கட்டியது மாதிரிதான். பலகையின் எந்த முனையும் தரையின் முனையோடு சேர்ந்திருக்கவில்லை, மேலே சும்மா உட்கார்ந்திருந்தது. ஒன்றையொன்று தொடாததை எல்லாம் பிரித்துவிடு என்று ஒரு கட்டளை உண்டு. தரையைத் தேர்ந்தெடுத்து அந்தக் கட்டளையைக் கொடுத்தாள். திரை ஒரு கணம் நின்று யோசித்தது. பிறகு தரை தனியாகவும், பலகைகள் ஒவ்வொன்றும் தனியாகவும் கழன்று நின்றன. ஆனால் பழைய பேர்கள் போய்விட்டிருந்தன. தரை ஒன்று, தரை இரண்டு, தரை மூன்று என்று சாஃப்ட்வேர் தானாகவே பேர் வைத்திருந்தது.

அப்பாவின் பலகையைத் தொட்டாள். "எப்பா, பேரச் சொல்லுங்க."

"ஒனக்குத் தெரியாதாட்டி?"

"எல்லாருக்கும் கேக்கட்டும். சொல்லுங்க."

"சுடலைமுத்து மவன் நல்லதம்பி" என்றார் அவர், கடைசி வரிசையிலிருந்து, மைக் இல்லாமல். "எண்ணெ தேய்க்கவன்."

தரை ஒன்றை அழித்துவிட்டு அந்தப் பேரை அடித்தாள். திரையில் எழுத்து எழுத்தாக விழுந்தது. அப்துல் மஜீது திரும்பிப் பார்த்து, மத்தவங்களும் வாங்க அண்ணாச்சி, எதுக்கு அங்கனயே நிக்கிய, எங்கிட்ட சிப்ஸ் வாங்குதவன் பாதிப்பேரு ஒங்ககிட்ட தேய்ச்சிட்டு வாரவன்தான் என்றார். அதிகாரி மைக்கில், நேரம் ஆகிறது, ஒருவரே வந்து எல்லாப் பேரையும் சொல்லிவிடலாமே என்றார். கடைசி வரிசை ஒட்டுமொத்தமாக மறுத்தது. அவனவன் கல்லுக்கு அவனவன்தான் சொல்லணும்மா, இன்னொருத்தன் சொல்லப்படாது என்று கரும்பு வெட்டுகிறவர் எழுந்து விளக்கினார். விளக்கிக்கொண்டே முன்னால் நடந்தார். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள்.

இது மக்கள் கூட்டம், எடிட் செய்கிற இடமில்லை, நிறுத்துங்க என்று ஸ்ரீவித்யா கணேசமூர்த்தியைப் பார்த்துச் சொன்னார். கணேசமூர்த்திக்கு வேறு வழி தோன்றவில்லை. சுவரோரம் போய் புரொஜக்டர் பிளக்கைப் பிடுங்கினார். மேடையில் தொங்கிய திரை வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது.

லேப்டாப்புக்கு பேட்டரி இருந்தது. எண்ணெய்க்காரர்கள் மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தச் சின்னத் திரைமேல் குனிந்தார்கள். இப்ப எது என்னுது, அந்தக் கம்பிப் பக்கத்துலயா, ஆமா அதான், கைய வைக்காதடே எண்ணெ ஒட்டும் என்று பேச்சு. கரும்பு வெட்டுகிறவர் தன் பட்டப்பேரைச் சொன்னார். நாலு பேர் ஒரே நேரத்தில் அவரைத் திட்டினார்கள், ரேஷன் கார்டுல இருக்க பேரச் சொல்லும்வே, நாளைக்கு ஆளு யாருன்னு கேப்பான். அவர் யோசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, யாரும் அவரை அந்தப் பேரில் கூப்பிட்டு வருஷக்கணக்காகிவிட்டது.

கணேசமூர்த்தி லேப்டாப்பை எடுத்துப்போகலாம் என்று வந்தார். முதுகுகளுக்கு நடுவே வழி இல்லை. ஒருத்தர் தோளைத் தொட்டுப் பார்த்தார், அவர் நகரவில்லை. தலைகளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "புஷ்பம், நாளையிலருந்து நீ ஆபீசுக்கு வரவேண்டாம்" என்றார்.

"சரி சார். இத முடிச்சி சேவ் பண்ணிட்டுத் தாரேன். லேப்டாப் ஒங்களோடதுதான, கொண்டுபோங்க. ஃபைல் இந்தக் கூட்டத்தோடது."

 விரல்கள் நிற்கவில்லை.

அதிகாரி மேடையிலிருந்து இறங்கி வந்தார். கூட்டம் கொஞ்சம் விலகி அவருக்கு இடம் விட்டது. ஸ்ரீவித்யாவும் பின்னாலேயே வந்து, இப்படித் திருத்தினது செல்லாது மேடம், முறைப்படி எதுவும் வரல என்றார். அதிகாரி நல்லதம்பியைப் பார்த்துக் கேட்டார். கடுமையாக இல்லை, சட்டம் சொல்லுகிற மாதிரி.

"ஆட்சேபணை இருந்தா எழுத்துமூலமாக் குடுக்கணும். எழுதியிருக்கீங்களா?"

நல்லதம்பி மேசையைக் காட்டினார்.

"எழுதிக்கிட்டுத்தானம்மா இருக்கா."

அதிகாரி லேப்டாப்பைப் பார்த்தார். ஸ்ரீவித்யாவைப் பார்த்தார். பிறகு, கல்யாண வீட்டு நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு மேசையோரம் உட்கார்ந்து, இத்தனை பேரும் சொல்லி முடிக்கட்டும், அந்த ஃபைல்ல ஒரு காப்பியை எங்கிட்டக் குடுத்துட்டுப் போகட்டும் என்றார்.

புஷ்பம் தலையைத் தூக்கவில்லை. அப்போது அடித்துக்கொண்டிருந்த பேரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது. அழித்துவிட்டு, சரியாகத் திரும்ப அடித்தாள்.